இத்தாலிய ஒழுங்கற்ற வினைகள் (நிகழ்காலம்): அட்டவணையை ஒப்பிப்பது தவிர வேறு வழி உண்டா?

கடல்காகம் கேட்டது:

இத்தாலியனில் ஏ1 (தொடக்க நிலை) முடித்து ஏ2 (அதற்கு அடுத்த நிலை) பாடங்கள் தொடங்கியிருக்கிறேன். பர்லாரே (பேசுதல்), ஸ்க்ரீவெரே (எழுதுதல்), தொர்மீரே (தூங்குதல்) மாதிரி ஒழுங்கான வினைகளில் சிக்கல் இல்லை. ஒழுங்கற்றவைதான் தலைவலி. பாடநூலின் கடைசிப் பக்கத்தில் 30 வினைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவம், ஆக 180 சொற்கள். வரிசையாக ஒப்பித்தால் வந்துவிடுகிறது. "அவர்கள் வெளியே போகிறார்கள்" என்று நடுவிலிருந்து ஒன்றைக் கேட்டால், முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெரிய வேண்டியவை: எந்த வினைகளிலிருந்து தொடங்குவது? 180-ஐயும் மனப்பாடம் செய்யாமல் பிடிக்க ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? கபீரே (புரிதல்) 'நான்' வடிவத்தில் கபிஸ்கோ ஆகிறது, தொர்மீரே ஏன் தொர்மிஸ்கோ ஆவதில்லை?

---

வினைத்தொகை எழுதியது:

முதலில் எழுத்து பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த இழையில் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறோம். ஸ என்பது பஸ்ஸில் வரும் ஒலி, ச என்பது அச்சில் வரும் ஒலி. -ஆதே, -ஏதே, -ஈதே என்று முடியும் வடிவங்களில் கடைசி 'தே' மெலியவே கூடாது, 'தேன்' என்பதில் வரும் முதல் ஒலி போலவே சொல்ல வேண்டும். வாதோ, தோ, தேவோ, தீகோ போன்றவற்றின் 'த' அப்படி அல்ல. 'பந்து' என்பதில் வரும் மெல்லிய ஒலி. பேவோ, அப்பியாமோ இவற்றின் 'ப' கம்பத்தில் வரும் 'ப'. தீகோவில் 'க' அழுத்தமானது. உங்கள் நோட்டில் மட்டும் ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னால் எழுத்துப்பிழை தீராது.

இனி விஷயம். ஆறு வடிவங்களையும் கற்கத் தேவையில்லை. நான், நீ, நாம் ஆகிய மூன்றை மட்டும் கற்றால் மீதி மூன்றையும் கட்டிவிடலாம்.

அவன்/அவள்: 'நீ' வடிவத்தின் கடைசி 'இ' 'எ' ஆகும். வியேனி (வருகிறாய்), வியேனே (வருகிறான்). எஷ்ஷி (வெளியே போகிறாய்), எஷ்ஷே. தீசி (சொல்கிறாய்), தீசே. 'நீ' வடிவம் 'ய்' ஒலியில் முடிந்தால் அது உதிர்ந்துவிடும்: வாய், வா. ஸாய், ஸா. புவோய், புவோ. அன்றாட வினைகளில் இதற்கு அடங்காதவை இரண்டே. எஸ்ஸெரே (இருத்தல்) வினையின் ஸேய், 'ஏ' ஆகிறது. வொலேரே (விரும்புதல்) வினையின் வுவோய், 'வுவோலே' ஆகிறது.

நீங்கள் (பன்மை): வினையின் மூல வடிவத்தில் 'ரே' எடுத்து 'தே' போடுங்கள். அந்தாரே (போதல்), அந்தாதே. ஸபேரே (தெரிதல்), ஸபேதே. உஷ்ஷீரே (வெளியே போதல்), உஷ்ஷீதே. ஃபாரே (செய்தல்), ஃபாதே. தீரே (சொல்லுதல்), தீதே. மிகவும் ஒழுங்கற்றவை என்று பெயர் வாங்கிய வினைகளும் இங்கே சாதுதான். அடங்காதவை: எஸ்ஸெரே (ஸியேதே), பேரே (குடித்தல்: பெவேதே), பிறகு -ர்ரே என்று முடியும் பொர்ரே, த்ரதுர்ரே வகை (பொனேதே, த்ரதுசேதே).

அவர்கள்: 'நான்' வடிவத்தோடு 'னோ' ஒட்டுங்கள். வெங்கோ, வெங்கொனோ. தீகோ, தீகொனோ. எஸ்கோ, எஸ்கொனோ. பொஸ்ஸோ, பொஸ்ஸொனோ. தேவோ, தேவொனோ. ஆறு வினைகள் மட்டும் வேறு குடும்பம், அவற்றில் 'அவன்' வடிவத்தோடு 'ன்னோ' ஒட்டும்:

அவேரே (வைத்திருத்தல்): ஓ, ஆய், ஆ, அன்னோ
ஸபேரே: ஸோ, ஸாய், ஸா, ஸன்னோ
ஸ்தாரே (ஒரு நிலையில் இருத்தல்): ஸ்தோ, ஸ்தாய், ஸ்தா, ஸ்தன்னோ
தாரே (கொடுத்தல்): தோ, தாய், தா, தன்னோ
அந்தாரே: வாதோ, வாய், வா, வன்னோ
ஃபாரே: ஃபச்சோ, ஃபாய், ஃபா, ஃபன்னோ

இந்த ஆறையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அந்தாரேயும் ஃபாரேயும் 'நான்' வடிவத்தில் மட்டும்தான் கூட்டத்திலிருந்து விலகுகின்றன. ('தா' என்றால் கொடுக்கிறான்: நமக்குச் சும்மா கிடைத்த பரிசு. 'வா' என்றால் போகிறான்: அதற்குத் தண்டனை.)

எஸ்ஸெரே எந்த விதிக்கும் அடங்காது. ஸோனோ, ஸேய், ஏ, ஸியாமோ, ஸியேதே, ஸோனோ. அதை அப்படியே விழுங்குங்கள்.

'நாம்' வடிவம் பெரும்பாலும் மூல வடிவத்தின் அடியோடு 'இயாமோ': வெனியாமோ, அந்தியாமோ, தெனியாமோ, ரிமனியாமோ. தனியாகக் கற்க வேண்டியவை: ஸியாமோ, அப்பியாமோ, ஸப்பியாமோ, தொப்பியாமோ, பொஸ்ஸியாமோ, வொல்யாமோ, ஃபச்சாமோ, திசாமோ, பெவியாமோ.

வரிசை: முதல் வாரம் எஸ்ஸெரேயும் மேலே உள்ள ஆறும். அடுத்து பொதேரே (முடிதல்), வொலேரே, தொவேரே (கட்டாயமாக வேண்டியிருத்தல்) மூன்றும் ஒரே வாரத்தில், ஏனென்றால் இவற்றுக்குப் பின்னால் எந்த வினையையும் மூல வடிவத்திலேயே போடலாம் (தேவோ உஷ்ஷீரே: நான் வெளியே போக வேண்டும்). வாய்க்கு வராத வினையைத் தற்காலிகமாக இப்படித் தப்பவிடலாம். மூன்றாவதாக வெனீரே (வருதல்), தெனேரே (பிடித்து வைத்திருத்தல்), தீரே, உஷ்ஷீரே, பேரே. மற்றவை தேவைப்படும்போது.

---

முற்றத்துவேம்பு எழுதியது:

வினைத்தொகை சொன்ன மூன்று வடிவ முறை நல்லது. ஆனால் ஏன் 'நாம்', 'நீங்கள்' இரண்டும் மட்டும் விலகி நிற்கின்றன என்று தெரிந்தால் இன்னும் எளிதாகப் பதியும். எல்லாம் அழுத்தம் விழும் இடத்தைப் பொறுத்தது. நான், நீ, அவன், அவர்கள் வடிவங்களில் அழுத்தம் வினையின் அடியில் விழுகிறது. நாம், நீங்கள் வடிவங்களில் விகுதிக்குப் போய்விடுகிறது. லத்தீனின் குறில் 'எ' அழுத்தம் பெற்றபோது 'இயெ' ஆனது, குறில் 'ஒ' 'உவொ' ஆனது. அழுத்தம் இல்லாத இடத்தில் அப்படியே நின்றது. அதனால்தான் ஸியேதோ (உட்காருகிறேன்), ஆனால் ஸெதியாமோ. முவோயோ (சாகிறேன்), ஆனால் மொரியாமோ. எஸ்கோ, ஆனால் உஷ்ஷியாமோ: இங்கே உயிர் மாறுவதற்குக் காரணம் வேறு, எல்லைக்கோடு அதேதான். அந்தாரேயில் இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் இரண்டு வேறு லத்தீன் வினைகளே வந்து உட்கார்ந்திருக்கின்றன. 'வா' என்ற வினையை 'வருகிறேன்', 'வந்தேன்' என்று மாற்றிப் பேசுகிற நாம் இதைப் பார்த்து மிரளத் தேவையில்லை.

அழுத்தத்தோடு சேர்ந்த ஒரு பிழை நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. வெங்கொனோ என்பதை 'வெங்கோனோ' என்று நடுவில் நீட்டுவது. அழுத்தம் முதல் அசையில்தான், 'கொ' குறில். தீகொனோ, வொல்யொனோ, தேவொனோ எல்லாம் அப்படியே. ஒழுங்கான வினைகளிலும் இதே கதை: ஆபிதனோ (வசிக்கிறார்கள்), தெலேஃபொனனோ (தொலைபேசுகிறார்கள்). நீட்டிச் சொன்னால் கேட்பவருக்குச் சட்டென்று புரியாது.

இரட்டித்த மெய் நமக்குச் சாதகம். ஸானோ என்றால் ஆரோக்கியமானவன், ஸன்னோ என்றால் அவர்களுக்குத் தெரியும். பலர் இந்த வேறுபாட்டுக்கு மாதக்கணக்கில் திணறுவார்கள். 'படு', 'பட்டு' என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த காதுக்கு இது ஒன்றுமில்லை.

'க' நுழையும் கூட்டம் பற்றி வினைத்தொகை தாண்டிப் போய்விட்டார். இதுதான் எண்ணிக்கையில் பெரிய கூட்டம். 'நான்', 'அவர்கள்' இரண்டில் மட்டும் 'க' வரும்:

வெனீரே: வெங்கோ, வெங்கொனோ
தெனேரே: தெங்கோ, தெங்கொனோ
ரிமனேரே (தங்குதல்): ரிமங்கோ, ரிமங்கொனோ
ஸலீரே (ஏறுதல்): ஸல்கோ, ஸல்கொனோ
பொர்ரே (வைத்தல்): பொங்கோ, பொங்கொனோ

இதில் ஒரு பொறி: 'நீ' வடிவத்தில் 'இயே' பெறுபவை வெனீரேயும் தெனேரேயும்தான் (வியேனி, தியேனி). ரிமனேரே சும்மா ரிமானி, ஸலீரே ஸாலி. ஐந்தையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது.

அடுத்த பொறி, ஒலி புரள்வது. ஷேல்யெரே (தேர்ந்தெடுத்தல்): ஷெல்கோ, ஷேல்யி, ஷேல்யே. தோல்யெரே (அகற்றுதல்): தொல்கோ, தோல்யி. ஸ்பெஞ்ஞெரே (அணைத்தல்): ஸ்பெங்கோ, ஸ்பெஞ்ஞி, ஸ்பெஞ்ஞே, ஸ்பெங்கொனோ. ஞ்ஞ என்பது ங்க ஆகிறது, அவ்வளவே. எழுதும்போதும் இரண்டு எழுத்துகள் இடம் மாறுகின்றன, அங்கேதான் எழுத்துப்பிழை வரும்.

இவற்றில் ஒன்றைக் கற்றால் அதன் கிளைகள் இலவசம். தெனேரே வந்தால் ஒத்தெனேரே (பெறுதல்), மந்தெனேரே (பராமரித்தல்), அப்பர்தெனேரே (உரியதாதல்) வரும். பொர்ரே வந்தால் ப்ரொபொர்ரே (முன்மொழிதல்) வரும். த்ரதுர்ரே (மொழிபெயர்த்தல்) வந்தால் ப்ரொதுர்ரே, ரிதுர்ரே வரும்.

இப்போது இஸ்கோ. இலக்கணப்படி கபீரே வகை ஒழுங்கற்றதே அல்ல, -ஈரே வினைகளில் பெரிய கட்சி அதுதான். எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு வழி: மூல வடிவத்தை ரோமன் எழுத்தில் எழுதி, கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். உயிர் என்றால் இஸ்கோ. கபீரே, ஃபினீரே, ப்ரெஃபெரீரே, புலீரே, ஸ்பெதீரே எல்லாம் அப்படி. மெய் என்றால் பெரும்பாலும் இஸ்கோ இல்லை: தொர்மீரே, பர்தீரே, ஸெந்தீரே, அப்ரீரே, ஸெர்வீரே. 'உயிர்' பக்கம் நம்பலாம். வெனீரே, ஸலீரே, மொரீரே போன்ற அசல் ஒழுங்கற்றவை மட்டும் விலக்கு. 'மெய்' பக்கம் அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். கொஸ்த்ருயீரே (கட்டுதல்), ரெஸ்தித்துயீரே (திருப்பித் தருதல்), கொல்பீரே (தாக்குதல்), ஃபொர்னீரே (வழங்குதல்), கரந்தீரே (உறுதியளித்தல்) எல்லாம் மெய்யாக இருந்தும் இஸ்கோ வாங்கும். இங்கும் அதே எல்லைக்கோடு: கபிஸ்கோ, கபிஷ்ஷி, கபிஷ்ஷே, கபிஸ்கொனோ. நாம், நீங்கள் மட்டும் கபியாமோ, கபீதே.

---

பலெர்மோத்தெரு எழுதியது:

வடிவம் சரியாக வந்தாலும் வினையே பிழையாகத் தெரிவுசெய்தால் பயனில்லை. தமிழில் யோசித்துக் கதைக்கும்போது கனபேர் விழுகிற இடங்களைச் சொல்கிறேன்.

அவேரே: எங்களுக்கு இப்படி ஒரு வினையே இல்லை, 'என்னிட்ட இருக்கு' எண்டுதான் சொல்லுவம். அதனால எல்லாத்துக்கும் எஸ்ஸெரே போட மனம் இழுக்கும். பசி, தாகம், நித்திரை, குளிர், வயது எல்லாம் அவேரே. ஓ ஃபாமே (பசிக்குது), ஓ ஸேதே (தாகம்), ஓ ஸொன்னோ (நித்திரை வருது), ஓ த்ரெந்த அன்னி (எனக்கு 30 வயது).

பியசேரே: 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்பே அப்படியே இருக்கு, மி பியாசே. ஆனால் தமிழில எத்தினை பொருளெண்டாலும் 'பிடிக்கும்' மாறாது. இத்தாலியனில பிடித்த பொருள்தான் எழுவாய். அது பன்மையெண்டால் மி பியச்சொனோ.

ஸபேரே, பொதேரே: இதில தமிழ் சரியான வழிகாட்டி. நீந்தத் தெரியும் எண்டால் ஸோ நுவொதாரே. நீந்த முடியும் (தண்ணி இருக்கு, உடம்பு சரி) எண்டால் பொஸ்ஸோ நுவொதாரே. ஆனால் ஆளை அல்லது ஊரைத் தெரியும் எண்டால் ஸபேரே இல்லை, கொனோஷ்ஷெரே.

வேண்டும்: இதுதான் பெரிய குழி. 'தண்ணி வேணும்' வொலேரே. 'போக வேணும்' தொவேரே. இரண்டுக்கும் ஒரே சொல் பழகின ஆட்கள் வேலையிடத்தில 'நான் போக வேணும்' எண்டு சொல்ல நினைச்சு வொல்யோ அந்தாரே எண்டால், 'எனக்குப் போக ஆசை' எண்டுதான் கேட்கும். பார் கவுண்டரில வொல்யோ கொஞ்சம் முரட்டுத்தனம், அங்க வொர்ரேய் எண்டு கேளுங்கோ.

மரியாதை: எங்கட 'நீங்கள்' ஒருவருக்கும் பலருக்கும் பொருந்தும். இத்தாலியனில ஒருவரை மரியாதையாக விளிக்க லேய், அதுக்கு 'அவள்' வடிவ வினை. கோமே ஸ்தா? தோவே வா? வோய் எண்டால் பலர். நாப்போலி (நேப்பிள்ஸ்) பக்கம் மூத்த ஒருவரையே வோய் எண்டு கூப்பிடுவதைக் கேட்கலாம். அது அந்த ஊர் வழக்கம், தேர்வில எழுதாதேங்கோ. (2018 டிசம்பரிலிருந்து குடியுரிமை விண்ணப்பத்துக்கே பி1 (ஏ2-க்கு அடுத்த நிலை) கேட்கிறார்கள், லேய் வடிவத்தைத் தவிர்த்து அந்தப் படியைத் தாண்ட ஏலாது.)

அதோடு 'நான்' வடிவம் வடிவாகத் தெரிஞ்சால் அலுவலகத்தில கேட்கிற மரியாதைக் கட்டளையும் விளங்கும்: வெங்கோ, வெங்க (வாங்கோ). தீகோ, தீக (சொல்லுங்கோ). ஃபச்சோ, ஃபச்ச. வாதோ, வாத.

---

வினைத்தொகை மீண்டும்:

எழுத்தில் ஒரு சேர்க்கை. மேல்குறி (எழுத்தின் மேல் இடும் சிறு சாய்கோடு) இடுவது ஏ (இருக்கிறான்), தா (கொடுக்கிறான்), புவோ மூன்றுக்குத்தான். முதல் இரண்டும் 'மற்றும்', 'இருந்து' என்று பொருள்படும் சிறு சொற்களோடு குழம்பாமலிருக்க. வா, ஃபா, ஸ்தா, ஸா இவற்றுக்கும், ஸோ, ஸ்தோவுக்கும் மேல்குறி கிடையாது. இத்தாலியர்களே போட்டுவிடுவார்கள், பார்த்துப் பழகாதீர்கள். அவேரேயின் நான்கு வடிவங்களில் முன்னால் நிற்கும் 'h' எழுத்துக்கு ஒலியே இல்லை. ஓ, ஆய், ஆ, அன்னோ ஆகியவை அதே ஒலியுள்ள வேறு சொற்களிலிருந்து கண்ணுக்குப் பிரிந்து தெரிய மட்டும்தான் அது. அன்னோ என்றால் ஆண்டு என்றும் பொருள், அங்கே அந்த எழுத்து இல்லை.

பயிற்சிக்கு ஒரு தாயக்கட்டை போதும், ஆறு பக்கம் கொண்டது. 1 நான், 2 நீ, இப்படி 6 அவர்கள் வரை. பத்து வினைகளைச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். சீட்டு ஒன்று, உருட்டல் ஒன்று, மூன்று வினாடிக்குள் வடிவம் மட்டுமல்ல, ஒரு சிறு வாக்கியம் வாயால் வர வேண்டும். வராத சீட்டு அடுக்கின் அடியில் போகக் கூடாது, மூன்றாவது இடத்தில் செருகுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். உங்கள் 'முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும்' பழக்கம் வரிசையில் கற்றதால் வந்தது, வரிசையைக் குலைத்தால்தான் போகும்.

---

கடல்காகம் கேட்டது:

இரண்டு நாள் கட்டை உருட்டிவிட்டு, பார்க்காமல் எழுதியவை. திருத்துங்கள்.

1. நாளை நண்பர்கள் வருகிறார்கள்: தொமானி வெங்கொனோ ல்யி அமீசி.
2. அவர்கள் வெளியே போகிறார்கள்: உஸ்கொனோ.
3. நாங்கள் போக முடியாது: நோன் பொதியாமோ அந்தாரே.
4. எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கும்: மி பியாசே க்வெஸ்தி ஃபில்ம்.
5. (ஒரு முதியவரிடம்) என்ன குடிக்கிறீர்கள்: கோஸா பெவேதே?
6. அவள் விளக்கை அணைக்கிறாள்: ஸ்பெங்கே லா லூசே.
7. நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்: தொமானி வாதோ தா தே.

---

வினைத்தொகை எழுதியது:

1 சரி.

2: எஸ்கொனோ. 'அவர்கள்' வடிவத்தை மூலத்திலிருந்து கட்டியிருக்கிறீர்கள். எஸ்கோ என்று முதலில் வாயில் வரட்டும், பிறகு னோ.

3: நோன் பொஸ்ஸியாமோ. பொதேரேக்குப் பொதியாமோ என்று ஒரு வடிவமே இல்லை. 'நாம்' தனிப்பட்டியலில் இதைக் கோடிட்டு வையுங்கள்.

4: மி பியச்சொனோ. பலெர்மோத்தெரு சொன்ன அதே குழி. ஃபில்ம் என்ற சொல் பன்மையிலும் மாறாது, அதனால் கண் ஏமாந்துவிடும். க்வெஸ்தி என்று நீங்களே பன்மை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள்.

5: வடிவம் சரி, ஆள் தவறு. ஒருவர்தானே, லேய்: கோஸா பேவே?

6: ஸ்பெஞ்ஞே. 'க' நானுக்கும் அவர்களுக்கும் மட்டும். 'நீ' ஸ்பெஞ்ஞி, கடைசி இ எ ஆனால் ஸ்பெஞ்ஞே.

7: தொமானி வெங்கோ தா தே. கேட்பவர் இருக்கும் இடத்துக்குப் போவதைத் தமிழில் 'வருகிறேன்' என்போம், இத்தாலியனும் அதேதான் சொல்கிறது. உங்கள் தமிழ் வாக்கியத்திலேயே விடை இருந்தது. கதவு தட்டினால் உள்ளேயிருந்து 'இதோ வர்றேன்' என்பதற்கும் வெங்கோ, அல்லது அர்ரீவோ.